நட்சத்திர ராத்திரி: ‘ஸ்லீப்ஓவர்’ பிறந்தநாள் பற்றி வாசகர் கேள்விகள்

பள்ளித் தோழர்களை வீட்டுக்கு அழைத்து, கேக் வெட்டி, இரவு தங்கவைத்து, காலை டிபன் கொடுத்து அனுப்பும் பிறந்தநாள் விருந்து பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அலங்காரம், கேக், ரிட்டர்ன் கிஃப்ட் என்று எல்லாவற்றையும் கேட்டவர்களில் பலர், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்ன செய்வது என்று கேட்கவில்லை. இந்த விருந்தின் பரீட்சையே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. எந்தத் தீம் எடுத்தாலும் அது பிள்ளைகளைப் படிப்படியாகப் படுக்கையை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். டிஸ்கோ லைட்டும் டான்ஸும் பகல் விருந்துக்குச் சரி.

வாசகி, வடபழனி, சென்னை: ஜனவரி கடைசியில் மகளுக்கு 7 வயது நிறைகிறது. யூடியூபில் பார்த்துவிட்டு ஸ்லீப்ஓவர்தான் வேண்டும் என்கிறாள். 14 பேர் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃபிளாட். முடியுமா?

முடியும். ஆனால் 14 பேரோடு முடியாது. மகளையும் சேர்த்து ஆறு பேர், அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் ஹால் 10 அடிக்கு 14 அடி என்று வைத்துக்கொள்வோம். சோபாவையும் டீப்பாயையும் பெட்ரூமுக்குத் தள்ளிவிட்டால், ஒரு குழந்தை புரண்டு படுக்க இரண்டரை அடி அகலமும் 5 அடி நீளமும் தேவை. மூன்று மூன்று பேராக இரண்டு வரிசை, காலும் காலும் பார்க்கிற மாதிரி போட்டால் ஏழரை அடிக்குப் பத்தடி போய்விடும். மீதி ஆறரை அடி பாத்ரூம் போகவும், நடுராத்திரியில் நீங்கள் யாரையும் மிதிக்காமல் நடக்கவும் வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் ஒருவர் அங்கே போய்விடுவார். மற்ற ஐந்து பேரும் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மீதி ஒன்பது பேரை என்ன செய்வது? எல்லோரையும் கேக்குக்குக் கூப்பிட்டு, எட்டு மணிக்குச் சிலரை மட்டும் அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ‘நான் மட்டும் ஏன் போகணும்?’ என்று ஒரு குழந்தை அழுதால், விருந்தே அதோடு கசந்துவிடும். அவர்களுக்குப் பிறந்தநாள் அன்று வகுப்பில் சாக்லேட். அல்லது வேறொரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஒரு மணி நேரம். ஸ்லீப்ஓவர் அழைப்பை ஸ்கூல் வேனில் அட்டையாகக் கொடுக்காமல், பெற்றோருக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

சனிக்கிழமை இரவுதான் வசதி. 5 வயதுப் பிள்ளைக்குக் கேட்டு எழுதியிருக்கும் இன்னும் இரண்டு வாசகிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: ஆறு வயதுக்குள் என்றால் பாதி ராத்திரி விருந்து வையுங்கள். நைட் டிரஸ், கூடாரம், டார்ச், கதை எல்லாம் உண்டு. 9 மணிக்கு அப்பா அம்மா வந்து அழைத்துப் போய்விடுவார்கள். அந்த வயதுக்கு அதுவே பெரிய சாகசம்.

வாசகர், வடவள்ளி, கோவை: பையனுக்கு வானம் என்றால் உயிர். பிறந்தநாள் பிப்ரவரி முதல் வாரம். மொட்டை மாடியில் நட்சத்திரம் காட்டி, அங்கேயே படுக்கவைக்கலாமா?

காட்டலாம். படுக்கவைக்க வேண்டாம். பனி இறங்கும், கொசு இருக்கும், தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கலாம். மாடியில் 40 நிமிடம், பிறகு கீழே.

பிப்ரவரி முதல் வாரம் அருமையான நேரம். இரவு 8 மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஊர் வெளிச்சத்தில் நாலோ ஐந்தோ தெரியும், கண் கூர்மையான பிள்ளை ஆறு என்று சொல்லும். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் கதையை அங்கே ஆரம்பிக்கலாம். பைனாகுலரில் அதே இடத்தைப் பார்த்தால் டஜன் கணக்கில் கொட்டிக் கிடக்கும். பிள்ளைகள் கத்தப்போகிற இடம் இதுதான், பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பக்கத்தில் ரோகிணி. கொஞ்சம் கிழக்கே வரிசையாக மூன்று நட்சத்திரம், வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு ஒரு பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக இன்னொன்று. ‘எது சிவப்பு, எது வெள்ளை?’ என்று போட்டி வைத்தால் ஏழு வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். பட்டையை அப்படியே தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். அதற்கும் கீழே, தெற்கில், அகத்தியர் என்ற நட்சத்திரம் (கனோபஸ்). பிரகாசத்தில் இரண்டாவது இடம் அதற்கு. டெல்லியில் அடிவானத்தை ஒட்டியே கிடக்கும், லண்டனில் தெரியவே தெரியாது. நமக்கு நன்றாக மேலே ஏறி வரும். லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டுப் பெருமையடிக்க இது போதும்.

நிலா விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பௌர்ணமி அன்று வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் அந்த வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போய்விடும். நிலாவும் பைனாகுலரில் தட்டையான வெள்ளைத் தட்டாகத் தெரியும். வளர்பிறைப் பஞ்சமியிலிருந்து அஷ்டமிக்குள் ஒரு சனிக்கிழமை கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும், பைனாகுலரிலேயே தெரியும். பைனாகுலர் 7×50 எடுங்கள் (முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது). 10×50இல் உருவம் பெரிதாகத் தெரிந்தாலும் சின்னக் கையில் ஆடிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் அதே நேரத்துக்கு நீங்கள் மட்டும் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி எதை மறைக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பாயை மாடியின் நட்டநடுவில் விரித்து எல்லோரையும் மல்லாக்கப் படுக்கவைத்துக் காட்டினால் கழுத்தும் வலிக்காது, கைப்பிடிச் சுவர்ப் பக்கம் யாரும் போகவும் மாட்டார்கள். சுவரிலிருந்து ஐந்தடி உள்ளே ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று மேலே ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இருட்டுக்குக் கண் பழக ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். ஒருவர் போன் திரையைக் காட்டினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள், போன்கள் கீழேயே இருக்கட்டும். லேசர் பாயின்டர் வேண்டாம். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மேகம் மூடினால்? கறுப்புப் பேப்பர் கப்பின் அடியில் கோணி ஊசியால் வேட்டைக்காரன் வடிவில் ஓட்டை போட்டு, போனின் ஃபிளாஷ் மேல் கவிழ்த்து வையுங்கள். இருட்டறையில் கூரை முழுக்க நட்சத்திரம். பல எல்.இ.டி. உள்ள டார்ச்சில் இது வேலை செய்யாது. ஒவ்வொரு பல்பும் ஒவ்வொரு ஓட்டை வழியாகத் தனித்தனிப் புள்ளி போடும், உருவம் குழம்பிவிடும். ஓட்டையும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கூரைக்குப் போய்ச் சேரும்போது அது ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகிவிடும்.

வாசகி, ஸ்ரீரங்கம்: ஆளுக்கொரு குட்டிக் கூடாரம் போட்டுத் தருவதற்கு வாடகைக்காரர்கள் கேட்கிற தொகை தலை சுற்றுகிறது. நாமே செய்ய முடியுமா?

தாராளமாக. எலக்ட்ரீஷியன்கள் ஒயருக்குப் போடும் 25 மி.மீ. பி.வி.சி. பைப் 10 அடி நீளத்தில் கிடைக்கும். ஒரு கூடாரத்துக்கு 48 அங்குலத்தில் நான்கு கால், 57 அங்குலத்தில் ஒரு முதுகுக் கம்பு. ஒரு பைப்பில் இரண்டு கால் வரும், இன்னொரு பைப்பில் இரண்டு முதுகுக் கம்பு வரும். ஆறு கூடாரத்துக்கு 12 பைப்பும் 3 பைப்பும், ஆக 15. ஆக்சா பிளேடில் அறுத்ததும் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கை கிழிக்கும்.

இரண்டு கால்களை உச்சியிலிருந்து மூன்று அங்குலம் கீழே பெருக்கல் குறிபோல் வைத்துக் கட்டுங்கள். பழைய சைக்கிள் ட்யூபை ஒரு அங்குல அகலப் பட்டையாக வெட்டிச் சுற்றினால் கயிற்றைவிட இறுகப் பிடிக்கும். இப்படி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மேலே உருவாகும் கவட்டையில் முதுகுக் கம்பைப் படுக்கவைத்து அதையும் ட்யூபால் கட்டிவிட்டால் சட்டம் தயார். கால்கள் தரையில் மூன்றரை அடி அகலத்துக்கு விரியும், உயரம் மூன்றே கால் அடி வரும். 60க்கு 90 அங்குல சிங்கிள் பெட்ஷீட் இதன்மேல் கச்சிதமாக உட்காரும்.

இரண்டு இடத்தில் சொதப்பும். வழவழப்பான டைல்ஸில் கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டே போய்க் கூடாரம் படுத்துவிடும். எதிரெதிர்க் கால்களின் அடியை 42 அங்குலக் கயிறால் இணைத்துவிட்டால் அதற்கு மேல் விரியாது. அடுத்தது, யாராவது முன்னாலிருந்து இழுத்தால் சட்டம் மொத்தமும் நீளவாக்கில் சாயும். ஒரு பக்கச் சரிவில், முன் உச்சியிலிருந்து பின் காலின் அடிக்கும், பின் உச்சியிலிருந்து முன் காலின் அடிக்கும் குறுக்காக இரண்டு கயிறு இழுத்துக் கட்டுங்கள். ஷீட்டுக்குள் மறைந்துவிடும், சட்டம் அசையாது. கடையில் வாங்கும் கூடாரங்களிலேகூட இதை விட்டுவிடுகிறார்கள்.

ஷீட் பருத்தியாக இருக்கட்டும். சாட்டின், பாலியஸ்டர் எல்லாம் போட்டோவில் மின்னும், உள்ளே காற்று ஏறாமல் பிள்ளை வியர்த்து எழுந்துவிடும். சீலிங் ஃபேன் கொக்கியில் துணி கட்டித் தொங்கவிடும் அலங்காரம் வேண்டாம்.

விளக்குக்கு, 230 வோல்ட்டில் ஓடும் சீரியல் பல்பு கூடாரத்துக்குள் வரக் கூடாது. பென்சில் பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓடும் எல்.இ.டி. சரம் போதும். பொத்தான் பேட்டரி போட்ட குட்டி மெழுகுவத்தி விளக்குகள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மூடி திருகு ஆணி போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். தெருவில் விற்கும் பறக்கும் பலூன்களில் ஹீலியத்துக்குப் பதிலாக ஹைட்ரஜன் அடைத்திருக்கலாம், கேக் மெழுகுவத்திப் பக்கம் போனால் வெடிக்கும். ‘பனி’ ஸ்பிரேயும் எளிதில் பற்றும். இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டினால் உரிக்கும்போது டிஸ்டம்பரும் சேர்ந்து வரும். கறுப்புச் சார்ட்டில் ஒட்டி மாட்டுங்கள். விளக்கை அணைப்பதற்கு முன் கால் மணி நேரமாவது நல்ல வெளிச்சம் படட்டும். அப்போதுதான் ஒளிரும்.

வாசகி, அண்ணா நகர், மதுரை: ஆறு பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது, எவ்வளவு?

பெரும்பாலும் மிஞ்சும், ஏனென்றால் விருந்தில் பிள்ளைகள் சாப்பிடுவதே இல்லை. விளையாடிக் களைத்த பிறகுதான் பசிக்கும். அதனால் 5 மணிக்கு வந்தவர்களுக்கு 5.45க்கே கேக் வெட்டிவிடுங்கள். 7 மணிக்குச் சாப்பாடு. ஒன்பது மணிக்குக் கேக் வெட்டுவது பெரியவர்கள் கூடும் விருந்துக்குப் பொருந்தும். இங்கே அப்படிச் செய்தால் நிறைந்த வயிற்றோடு குதித்துவிட்டு வாந்திதான்.

ஆறு பிள்ளைகள், நான்கு பெரியவர்களுக்கு அரை கிலோ கேக் போதும். விண்வெளித் தீம் என்றாலே கருநீலம், கறுப்பு ஐசிங் போடுவார்கள். உதடு, பல், நைட் டிரஸ், தலையணை உறை எல்லாம் கறுக்கும், ருசியும் கசக்கும். வெள்ளை கிரீம் தடவி, மேலே மஞ்சள் நட்சத்திரம் நாலு வைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். முட்டை சேராதது என்றால் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஆகும்.

இரவுக்கு மினி இட்லியும் காரமில்லாத சாம்பாரும், கூடவே நட்சத்திர அச்சில் வெட்டிய பூரி. ஒரு கிலோ இட்லி மாவில் 20 இட்லி அளவு வரும், தாராளம். பூரிக்கு அரை கிலோ கோதுமை மாவு. நட்சத்திர முனைகள் மெல்லியதாக இருந்தால் அப்பளம் போல் முறுகிவிடும், கொஞ்சம் தடிமனாகத் தேய்க்க வேண்டும். வெட்டிய ஓரத் துண்டுகளையும் பொரித்து உப்பும் மிளகும் தூவி வையுங்கள், முதலில் காலியாவது அதுதான். மாடிக்கு எடுத்துப் போக 100 கிராம் சோளத்தில் பொரித்த பாப்கார்ன், ஆளுக்கு ஒரு பேப்பர் கோன். படுத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது, உட்கார்ந்துதான். கோலாவும் காபி ஐஸ்கிரீமும் வேண்டாம். படுக்கும் முன் வெதுவெதுப்பான பால் அரை டம்ளர். காலையில் தோசை. ‘நிலா தோசை’ என்று பெயர் வைத்தால் போதும், வேறு வித்தை எதுவும் வேண்டாம்.

வாசகி, பாளையங்கோட்டை: “ஊரார் பிள்ளையை ராத்திரி வைத்துக்கொள்ளலாமா, ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது?” என்கிறார் மாமியார்.

அத்தை கேட்பது நியாயமான கேள்வி. மே லீவில் தாத்தா வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள் என்றாலும் அங்கே எல்லோரும் சொந்தம். இங்கே பொறுப்பு முழுக்க உங்களுடையது.

ஒவ்வொரு பெற்றோரிடமும் நேரில் பேசுங்கள். அந்த இரவில் வீட்டில் தங்கப்போகும் பெரியவர்கள் யார் யார் என்று அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். விருந்தினர் பட்டியல் கடைசி நேரத்தில் மாறினால் அதையும் சொல்லுங்கள். வேர்க்கடலை, முட்டை, பால் என்று எதுவும் ஒத்துக்கொள்ளாதா, வீசிங் உண்டா, இன்ஹேலர் பையில் இருக்கிறதா, இரவில் எழுப்ப வேண்டுமா, நடுராத்திரியில் யாருக்குப் போன் செய்வது, அவர் எவ்வளவு நேரத்தில் வர முடியும் என்று எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். காய்ச்சல் என்றால் பெற்றோரைக் கேட்காமல் மருந்து கொடுக்க வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளும் ஹாலில் ஒன்றாகத்தான் தூங்க வேண்டும், பெட்ரூமில் பிரித்துப் படுக்கவைக்க வேண்டாம். உடை மாற்றுவது பாத்ரூமில், தாழ் போட்டுக்கொண்டு. நைட் டிரஸில் எடுத்த போட்டோக்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள். இதையெல்லாம் அத்தை காதில் விழுகிற மாதிரியே போனில் பேசுங்கள், பாதிக் கவலை போய்விடும்.

பெயர் வேண்டாம், சேலம்: அழைத்திருக்கும் ஒரு பையனுக்குப் படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் உண்டு என்று அவன் அம்மா தயங்கிச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

சொல்லாதீர்கள். ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பிள்ளைகளுக்கு இது உண்டு. எல்லாப் பாய்க்கும் அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள், அவன் பாய்க்கு மட்டும் போட்டால் மற்றவர்கள் கேட்பார்கள். பாத்ரூமுக்குப் பக்கத்தில் அவன் இடம். இப்படி ஒரு பிள்ளை வரும் விருந்தில் படுக்கும் முன் அரை டம்ளர் பால் வேண்டாம்; எட்டரை மணிக்கு மேல் பால், தண்ணீர் எல்லாம் ஒரு வாய்தான், எல்லோருக்கும். படுக்கும் முன் எல்லோரும் வரிசையாகப் பாத்ரூம். அவன் வீட்டில் எழுப்புகிற நேரத்துக்கே நீங்களும் எழுப்புங்கள். நனைந்துவிட்டால் ஹால் விளக்கைப் போடாமல், சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சோடு அழைத்துப்போய் மாற்றிவிடுங்கள். மாற்று உடை அவன் பையின் மேலாப்பில் இருக்கட்டும். காலையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி: பதினொரு மணிக்கும் தூங்காமல் சிரித்துக்கொண்டே இருந்தால்? ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதால்?

சிரிப்பது இரண்டு பேராகத்தான் இருக்கும். மற்றவர்கள் அவர்களால் முழித்திருப்பார்கள். அந்த இரண்டு பேரையும் மாலையிலேயே கண்டுபிடித்து, நடுவில் வேறு இருவரை விட்டு இடம் போட்டுவிடுங்கள். மாடியிலிருந்து 8.45க்கு இறங்கியதும் டியூப் லைட்டே போடாதீர்கள். பால் குடித்து, பல் துலக்கி, 9.15க்குக் கூடாரத்துக்குள் போக வேண்டும். 9.30க்கு ஒரு பெரியவர் ஹால் நடுவில் உட்கார்ந்து கால் மணி நேரம் கதை சொல்ல வேண்டும், குரல் போகப் போகத் தணிய வேண்டும். டிவியில் படம் போட்டுவிட்டுப் போய்விட்டால் அது முடிகிற வரை ஒருவரும் தூங்க மாட்டார்கள். இந்த வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பத்து மணிக்குத் தூங்கினால் ஏழு மணிக்கு எழலாம். நீங்கள் ஹாலிலேயே படுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அந்த நிமிடமே சத்தம் திரும்பும்.

அழும் குழந்தையிடம் ‘காலையில் போகலாம்’ என்று பேரம் பேசாதீர்கள். அடுக்களைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து, அம்மாவிடம் ஒரு தடவை பேசவையுங்கள். அதற்குப் பிறகும் போக வேண்டும் என்றால், எந்த நேரமானாலும் வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போகட்டும். ‘கொஞ்சம் பொறுத்துக்கோ, பெரிய பையனாச்சே’ என்று அடக்கிவைத்த பிள்ளை அடுத்த முறை யார் வீட்டுக்கும் வராது.

வாசகி, நங்கநல்லூர், சென்னை: ரிட்டர்ன் கிஃப்ட் என்ன கொடுக்கலாம்? பெற்றோரை எத்தனை மணிக்கு வரச் சொல்வது?

பெயர் எழுதிய தலையணை உறை. இரவு அதில் படுத்து, காலையில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். துணிக்கான மார்க்கரில் அவர்களே மாலையில் நட்சத்திரம் வரைந்துகொண்டால் முதல் ஒரு மணி நேர வேலையும் ஆயிற்று. உள்ளே ஒரு அட்டையைச் சொருகி வரையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மை அடுத்த பக்கத்துக்கும் இறங்கும்.

வரச் சொல்வது காலை 9 மணிக்கு. அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ‘எப்ப வேணும்னாலும் வாங்க’ என்றால் கடைசிப் பிள்ளையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அழைத்துப் போவார்கள்.